மெகலடானை மணலில் முழு அளவில் வரைந்து, இன்றைய சுறாக்களோடு ஒப்பிடுவது எப்படி

குமரி மாவட்டத்துக் கடற்கரையில் வளரும் பிள்ளைகளுக்குச் சுறாவைப் பற்றிச் சொல்லித்தரப் புதிதாக எதுவும் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் ஆயிரங்கால் தூண்டிலிட்டுச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுக்கும் வழக்கம் கரையோர வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஆயினும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன மெகலடான் என்ற மாபெரும் சுறாவின் பெயரைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு வரும் பிள்ளையிடம் அது எவ்வளவு பெரியது என்று கேட்டால், கப்பலை விழுங்கும் என்கிறது. பதினாறு மீட்டர் என்று திருத்தினாலும் அந்த எண் அதன் மனத்தில் தங்குவதில்லை. அதே பிள்ளையை மணலில் கீறிய பதினாறு மீட்டர்க் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவிட்டால் அது மறப்பதே இல்லை. சில ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு இதைச் செய்துவருகிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் தாங்களே செய்துபார்க்கும்படி அந்த முறையை இங்கே விரித்து எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மெகலடானின் முழு உடலை எவரும் கண்டதில்லை. சுறாக்களின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது மண்ணில் புதைந்து கல்லாகும் முன்பே பெரும்பாலும் சிதைந்துவிடும். எஞ்சுபவை பற்களும், முதுகுத்தண்டின் சுண்ணாம்பேறிய சில முள்ளெலும்புகளும் மட்டுமே. ஆகவே மணலில் நாம் வரையப்போகும் உருவத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு பல்லிலிருந்தோ ஒரு முள்ளெலும்பிலிருந்தோ கணக்கிட்டுப் பெற்றதாகும். கிடைத்த எச்சத்தை நேரடியாக அளந்து வரைவதை அழுத்தமான கோடாகவும், ஊகித்து வரைவதை விட்டுவிட்டுப் போடும் கோடாகவும் வரைவது என்ற ஒழுங்கை முதல் நாளே வகுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒழுங்கு இல்லாமல் வரைந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதில் மதிப்பில்லை.

இடமும் நேரமும்

நாகர்கோவிலுக்கு அருகில் சொத்தவிளை, சங்குத்துறை போன்ற நீண்ட மணற்கரைகள் இதற்கு ஏற்றவை. கன்னியாகுமரி முனையில் பாறைகள் மிகுதி, மணல் குறைவு. கடல் வற்றியிருக்கும் காலை வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். அலை ஏறி ஈரமாக்கிவிட்டுப் போன மேல்விளிம்புக்குச் சற்று மேலே, கால் புதையாத அளவுக்கு இறுகிய மணலில் வரைய வேண்டும். முதல் முறை நான் காய்ந்து தளர்ந்த மணலில் வரையத் தொடங்கி, வால் பகுதிக்கு வருவதற்குள் தலைப்பகுதியின் கோடுகள் சரிந்து மூடிவிட்டன. நம் கரைகள் பலவற்றில் கருமணல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அத்தகைய இடம் கிடைத்தால் நல்லது, ஏனெனில் கீறிய கோடு அடியிலுள்ள வெளிறிய மணலைக் காட்டிப் பளிச்சென்று தெரியும்.

கரைமடி இழுக்கும் இடத்தில் வரையக் கூடாது. வலை இழுப்பவர்களுக்கு அந்த மணல்தான் தொழிற்களம். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே பொருத்தமான இடத்தைக் காட்டுவார்கள். முன்னறிவிப்பின்றி எழுந்து கரையேறும் கள்ளக்கடலைப் பற்றி இந்த மாவட்டத்தில் விளக்கத் தேவையில்லை. கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச்செல்லவே வேண்டாம். எந்த நாளிலும் ஒரு பெரியவர் கடலைப் பார்த்தபடியே நிற்க வேண்டும்.

கருவிகள் மிக எளியவை: 30 மீட்டர் அளவு நாடா ஒன்று, அதே நீளத்துக்குக் கயிறு இரண்டு, இருபது கம்புகள், கீறுவதற்கு ஒரு மண்வெட்டி, கெட்டி அட்டை, கத்தரிக்கோல், ஓர் அடிக்கோல். அளவு நாடா கிடைக்காவிட்டால் பாகக் கணக்கு போதும். இரு கைகளையும் விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை ஒரு பாகம், ஏறத்தாழ 1.8 மீட்டர். கடலின் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் நம் மீனவர்கள் அளந்த அளவு அது. 16.4 மீட்டர் என்றால் ஒன்பது பாகம். முதிய மீனவர் ஒருவரை அழைத்துக் கயிற்றைப் பாகம் பாகமாக அளந்துதரச் சொல்லுங்கள். நாடாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதைப் பிள்ளைகளே காண்பார்கள்.

முதலில் பல்

உடலை வரையும் ஆவலைச் சற்று அடக்கிக்கொண்டு, முதலில் அட்டையில் பற்களை வெட்டுங்கள். மெகலடான் என்ற கிரேக்கப் பெயருக்கே பெரும்பல் என்றுதான் பொருள். மிகப் பெரிய மெகலடான் பற்கள் சாய்வாக அளந்தால் 18 சென்டிமீட்டர் வரை வருகின்றன. ஒரு பெரிய மனிதரின் விரித்த கைக்குக் குறையாத அளவு அது. இன்றைய பெரிய வெள்ளைச் சுறாவின் மிகப் பெரிய பல்லோ ஏழு சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கும். இரண்டையும் அட்டையில் வெட்டி அருகருகே வைத்தால், இரண்டும் முக்கோணமாகவும் விளிம்பில் அரம்போல வெட்டுகள் கொண்டும் இருப்பது தெரியும். வேறுபாடுகளையும் அட்டையிலேயே காட்டுங்கள். மெகலடானின் பல் தடித்தது. அதன் விளிம்பு வெட்டுகள் நுண்ணியவை, நெருக்கமானவை. பல்லின் பளபளப்பான மேற்பகுதிக்கும் வேருக்கும் இடையே வளைந்த பட்டை ஒன்று இருக்கும். வெள்ளைச் சுறாவின் பல்லில் அந்தப் பட்டை கிடையாது, வெட்டுகளும் முரடானவை. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் மெகலடானை அழிந்துபோன வேறொரு குடும்பத்தில் வைத்து ஒட்டோடஸ் மெகலடான் என்று அழைக்கிறார்கள். அதாவது வெள்ளைச் சுறா மெகலடானின் பேரப்பிள்ளை அன்று. தூரத்துப் பங்காளி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இத்தகைய கற்பற்களை ஐரோப்பியர் நெடுங்காலம் பாம்பின் நாக்கு கல்லானது என்று நம்பியிருந்தார்கள். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலையை அறுத்து ஆராய்ந்த டேனிய மருத்துவர் நீல்ஸ் ஸ்டென்சன், நாக்குக் கற்கள் எனப்பட்டவை சுறாப் பற்களே என்று அடுத்த ஆண்டில் எழுதினார். ஒரு மீனின் வாயைத் திறந்து கவனமாகப் பார்த்ததிலிருந்து தொடங்கியது நிலவியலின் ஒரு பெரும்பகுதி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கே மனம் நிறைந்துவிடுகிறது.

இனிப் பல்லிலிருந்து உடலுக்கு வருவோம். 1996-இல் காட்ஃபிரைடும் உடன் பணியாற்றியவர்களும் வெள்ளைச் சுறாக்களின் அளவுகளைக் கொண்டு வகுத்த கணக்கு எளிமையானது. மேல்தாடையின் முன்புறப் பெரிய பல்லின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.96-ஆல் பெருக்கி, 0.22-ஐக் கழித்தால் சுறாவின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 12 சென்டிமீட்டர்ப் பல்லுக்கு 11.3 மீட்டர். அவர்கள் கையிலிருந்த மிகப் பெரிய பல் 16.8 சென்டிமீட்டர், அதற்கு 15.9 மீட்டர். இங்கே உயரம் என்பது கூர்நுனியிலிருந்து வேரின் அடிவரை நேராக அளந்த அளவு. விற்பனையாளர்களும் காணொளிகளும் பெரும்பாலும் சாய்வளவையே சொல்வதால், 18 சென்டிமீட்டர் என்ற அந்த எண்ணை இந்தக் கணக்கில் போடக் கூடாது.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்படி விடுவதே நல்லது. சுறாவின் வாயில் எல்லாப் பற்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. முன்புறத்தில் நெடியவை, கடைவாயில் குட்டையானவை. 2015-இல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரே மெகலடானின் வெவ்வேறு பற்களின் அச்சுகளைக் கொடுத்து, அப்போது வழக்கிலிருந்த பல்லுயரச் சூத்திரங்களால் நீளம் காணச் சொன்னார்கள். விடைகள் 40 அடியிலிருந்து 148 அடி வரை சிதறின. பாடத்தை வகுத்தவர்கள் முதலில் மாணவர்கள் தவறாக அளந்துவிட்டார்கள் என்றே எண்ணினார்கள். பிழை மாணவர்களிடம் இல்லை, சூத்திரத்தில்தான் இருந்தது. அந்த வகுப்பறையிலிருந்து பிறந்த கேள்வியைப் பின்தொடர்ந்த விக்டர் பெரெஸும் உடன் ஆய்வாளர்களும், பற்களின் உயரத்தை விட்டுவிட்டு அகலங்களைக் கூட்டித் தாடையின் அகலத்தைக் காணும் வேறொரு முறையை 2021-இல் வெளியிட்டார்கள். அதன்படி மிகப் பெரிய மெகலடான் 20 மீட்டரை எட்டும். இந்தச் செய்தியை நான் எந்தக் குழுவிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

அதற்கும் முந்தைய பிழை ஒன்று நம் ஊரில் சொல்வதற்கு மிகப் பொருத்தமானது. 1909-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக பாஷ்ஃபோர்ட் டீன் மெகலடானின் தாடையை வடிவமைத்தபோது, பெரிய பற்களையே வாய் முழுவதும் நிரப்பினார். மனிதர்கள் உள்ளே உட்காரும் அளவுக்குத் தாடை பெருத்தது. அதைக் கொண்டு கணித்த உடல் 30 மீட்டர், அதாவது 98 அடி. கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, சிலை மட்டும் 95 அடி. டீனின் சுறாவைப் பீடத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தினால் வள்ளுவரின் தலைக்கு மேலே போய்விடும். இன்றைய ஆய்வுகள் தரும் மிக உயர்ந்த மதிப்பான 24.3 மீட்டரை எடுத்துக்கொண்டாலும் அது சிலையின் உச்சிக்குப் பதினைந்து அடி கீழேயே நின்றுவிடும். பல்லை எந்த இடத்தில் வைப்பது என்ற ஒரு சிறு முடிவு எவ்வளவு பெரிய உடலைக் கற்பனையில் வளர்த்துவிட்டது என்பதை, அந்தச் சிலையைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு உடல்களை வரைதல்

இப்போது மணலுக்கு வரலாம். கடலுக்குச் செங்குத்தாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். இதுவே மூக்குக் கோடு. எல்லாச் சுறாக்களின் மூக்கு நுனியும் இந்தக் கோட்டிலேயே தொடங்க வேண்டும். அதிலிருந்து கரைக்கு இணையாக, கிழக்கிலோ மேற்கிலோ, குறைந்தது 25 மீட்டருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெகலடானை ஒன்றாக அல்லாமல் இரண்டாக வரையச் சொல்வேன். ஒரே புதைபடிவத்தைப் பார்த்த இரண்டு ஆய்வுக் குழுவினர் இரண்டு வேறு உடல்களைக் கண்டிருக்கிறார்கள் என்பதுதான் காரணம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் அருகே 1860-களில் கிடைத்த ஒரு முதுகெலும்புத் தொடரின் 141 முள்ளெலும்புகள் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. 2022-இல் ஒரு குழு அதை அடிப்படையாகக் கொண்டு, வெள்ளைச் சுறாவின் உடல்வாகை ஒட்டி, முப்பரிமாண உருவம் ஒன்றை அமைத்தது: நீளம் 15.9 மீட்டர், எடை 61.5 டன். 2025-இல் கென்ஷு ஷிமாடாவின் தலைமையில் வெளியான ஆய்வு அதே தொடரைக் கொண்டு 16.4 மீட்டர் என்றது. ஆனால் உடல் அவ்வளவு பருமனாக இருந்திருக்காது, எலுமிச்சைச் சுறாவைப்போல மெலிந்து நீண்டிருக்கும் என்று வாதிட்டது.

இந்த வாதத்தின் மையம் பிள்ளைகளுக்கும் புரியக்கூடியது. பெல்ஜியத் தொடரின் மிகப் பெரிய முள்ளெலும்பின் விட்டம் 15.5 சென்டிமீட்டர். வெள்ளைச் சுறாவின் விகிதப்படி அந்த விட்டத்துக்கு மொத்த உடல் நீளம் 9.2 மீட்டர்தான் வர வேண்டும். ஆனால் கிடைத்திருக்கும் முதுகெலும்புத் தொடர் மட்டுமே 11.1 மீட்டர் இருக்கிறது. சட்டையைவிடக் கை நீளமாக இருந்தால் அளவெடுத்த ஆள் வேறு என்றுதானே பொருள்? ஆகவே வெள்ளைச் சுறா இதற்குச் சரியான அளவுகோல் அன்று என்பது அவர்கள் துணிபு. இந்த வாதம் என்னை இணங்கவைக்கிறது. ஆயினும் இரண்டையும் வரைந்துகாட்டுவதே நேர்மை.

முதலில் 11.1 மீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை மண்வெட்டியால் ஆழமாகக் கீறுங்கள். நம்மிடம் உண்மையில் இருக்கும் முதுகெலும்பு இதுதான். படம் முழுவதிலும் மிக அழுத்தமான கோடும் இதுவாகவே இருக்க வேண்டும். அதற்கு முன்னால், மூக்குக் கோடு வரை, 1.8 மீட்டர் தலைக்கு, பின்னால் 3.6 மீட்டர் வாலுக்கு. மூன்றையும் கூட்டினால் நூலளவு வேறுபாட்டில் 16.4 மீட்டர் வந்துவிடும். தலையும் வாலும் கிடைக்கவில்லை என்பதால் அவற்றை விட்டுவிட்டுப் போடும் கோடாக வரைய வேண்டும். உடலின் பருமனுக்கு நான் நீளத்தில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் ஊகமே, விட்ட கோடே.

பருமனான உருவத்தைச் சற்றுத் தள்ளி, அதே மூக்குக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். இதற்கு 2020-இல் வெளியான ஓர் ஆய்வின் அளவுகள் உதவும். வெள்ளைச் சுறாவையும் அதன் உறவினங்கள் நான்கையும் அளந்து, 16 மீட்டர் மெகலடானுக்குத் தலை 4.65 மீட்டர், முதுகுத் துடுப்பின் உயரம் 1.62 மீட்டர், வாலின் உயரம் 3.85 மீட்டர் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. பருமனுக்கு நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். இங்கே நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். ஓர் ஆய்வின் தலையளவை எடுத்து மற்றோர் ஆய்வின் உடலோடு ஒட்டிவிட்டேன். உருவம் தவளைக்குஞ்சுபோல வந்தது. 2020-இன் 4.65 மீட்டர் என்பது செவுள் பிளவுகளையும் சேர்த்த தலை, 2025-இன் 1.8 மீட்டர் என்பது முதுகெலும்பு தொடங்கும் இடம் வரையிலான மண்டைப் பகுதி மட்டும். அளவை மட்டும் குறித்துக்கொண்டு, எங்கிருந்து எங்கே அளந்தது என்பதைக் குறிக்காமல் விடக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அந்த முதுகுத் துடுப்பை வரைந்து முடித்தவுடன் ஒரு பிள்ளையை அதன் அடியில் தலைவைத்துப் படுக்கச் சொல்லுங்கள். 1.62 மீட்டர் என்பது துடுப்பு மட்டுமே. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதன் நுனியை எட்டமாட்டார்கள்.

இனி மிக நீண்ட மதிப்பு. டென்மார்க்கில் கிடைத்த மெகலடான் முள்ளெலும்புகளில் மிகப் பெரியது 23 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. 15.5-க்கு 16.4 மீட்டர் என்றால் 23-க்கு எவ்வளவு? இந்த ஏழாம் வகுப்பு நேர்விகிதக் கணக்கின் விடை 24.3 மீட்டர், 2025 ஆய்வு சொன்ன பேரளவும் அதுவே. அதன் எடையை 94 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதற்கு முழு உருவம் வரைய வேண்டாம். மூக்குக் கோட்டிலிருந்து 24.3 மீட்டருக்கு ஒரு கயிற்றை நீட்டி முனையில் கம்பு நடுங்கள். ஒரே ஒரு முள்ளெலும்பிலிருந்து பெற்ற நீளம் என்பதால் அது கயிறாகவே இருக்கட்டும்.

அதே மெலிந்த உருவம் 16.4 மீட்டரிலிருந்து 24.3 மீட்டராக, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்காக நீண்டால் எடை ஏன் மும்மடங்குக்கு மேல் போகிறது என்று யாரேனும் கேட்பார்கள். ஒரே வடிவமுள்ள இரண்டு தேங்காய்களில் ஒன்று நீளத்தில் இருமடங்கு என்றால், அகலத்திலும் தடிப்பிலும் அது இருமடங்காகவே இருக்கும். ஆகவே எடை எட்டு மடங்கு. சுறாவுக்கும் இதே கணக்குத்தான்.

உயிரோடிருக்கும் சுறாக்களைப் பக்கத்தில் வைத்தல்

முதலில் திமிங்கலச் சுறா. இன்று வாழும் மீன்கள் அனைத்திலும் மிகப் பெரியது இதுவே. நம் அரபிக்கடலில் பிடிபட்ட ஒன்று 18.8 மீட்டர் இருந்ததாகப் பதிவு உண்டு. அந்த நீளத்தை மணலில் வரைந்தால், பெல்ஜிய மெகலடானை அது தாண்டி நிற்கும். பிள்ளைகள் மட்டுமின்றிப் பெரியவர்களும் இந்த இடத்தில் வியந்து நின்றுவிடுவார்கள். ஆகவே மெகலடானின் சிறப்பை நீளத்தில் மட்டும் தேடுவது தவறு. திமிங்கலச் சுறாவின் வாயில் ஆயிரக்கணக்கான பற்கள் இருந்தாலும் ஒவ்வொன்றும் அரிசியளவுதான். மிதவையுயிர்களையும் சிறு மீன்களையும் தண்ணீரோடு வாங்கி வடிகட்டி உண்ணும் சாதுவான உயிர் அது. மெகலடானோ திமிங்கலங்களைக் கடித்து உண்டது. பற்தடம் பதிந்த திமிங்கல எலும்புப் புதைபடிவங்கள் அதற்குச் சான்று. 2008-இல் வெளியான ஒரு கணினி ஆய்வு மிகப் பெரிய வெள்ளைச் சுறாவின் கடிவிசையை ஏறத்தாழ 1.8 டன் எடைக்குச் சமம் என்றும், மெகலடானுடையதை 10.8 முதல் 18.2 டன் வரை என்றும் மதிப்பிட்டது. திமிங்கலச் சுறாவுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இடம் உண்டு என்பதையும் இந்த உருவத்தின் அருகில் நின்றே சொல்லுங்கள். வலையில் சிக்கினால் வலையை அறுத்து உயிரோடு விட்டுவிட வேண்டிய உயிர் அது.

அடுத்து வெள்ளைச் சுறா. மிகப் பெரிய பெண் சுறாக்கள் 6 மீட்டரை ஒட்டி வரும். அதைத் தனியாக வரையாமல் பருமனான மெகலடானின் வயிற்றுக்குள்ளேயே வரைவது என் வழக்கம். கரை குறுகலாக இருந்தால் இட நெருக்கடியும் தீரும், ஒப்பீடும் கண்முன் நிற்கும். குளிர்கடலில் வாழும் மேய்சுறா 12 மீட்டர் வரை வளரும். அதுவும் வடிகட்டி உண்பதே. பெரிய கொம்பன் சுறாவும் வெள்ளைச் சுறாவின் நீளத்தை எட்டக்கூடியது, புலிச்சுறா 5 மீட்டரைத் தாண்டும். இவற்றுக்கு முழு உருவம் தேவையில்லை. கோடும் பெயரும் போதும். கடைசியில் பால்சுறாவை வரையுங்கள். நம் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். மெகலடானின் துடுப்புக்குள் அது மறைந்துவிடும்.

பிறந்த குட்டியை விட்டுவிடாதீர்கள். மெகலடான் குட்டி பிறக்கும்போதே 2 மீட்டர் இருந்திருக்கும் என்று 2021-இல் மதிப்பிட்டார்கள். 2025 ஆய்வு அதை 3.6 முதல் 3.9 மீட்டர் வரை உயர்த்தியிருக்கிறது. இரண்டு பாகத்துக்கு மேற்பட்ட குட்டி. நாங்கள் வரைந்துகொண்டிருந்த ஒரு நாளில் வலை உலர்த்த வந்த பாட்டா ஒருவர் எல்லா உருவங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் குட்டியின் அருகில் வந்து நின்றார். "மக்களே, குட்டியே இவ்வளவு இருந்தா, தாய் எத்தனை குட்டி போட்டிருக்கும்?" என்று கேட்டார். பெரிய சுறாவின் வயிற்றில் குட்டிகளைக் கண்டு பழகிய ஒருவருக்கே எழக்கூடிய கேள்வி அது. கருவிலேயே வலுத்த குட்டி மற்ற முட்டைகளைத் தின்று வளர்வது வெள்ளைச் சுறாவின் வரிசையைச் சேர்ந்த இனங்களில் உண்டு என்றும், மெகலடானும் அவ்வாறே வளர்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

உடல் வெப்பம் மணலில் வரைய முடியாத ஒப்பீடு. ஆயினும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான சுறாக்களின் உடல் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே கொண்டிருக்கும். வெள்ளைச் சுறா போன்ற சில மட்டும் உடலின் சில பகுதிகளை நீரைவிட வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கின்றன. மெகலடானின் பற்களிலுள்ள வேதிப் பிணைப்புகளை ஆராய்ந்த 2023 ஆய்வு ஒன்று, அதன் உடல் சூழ்ந்த நீரைவிட ஏறத்தாழ 7 டிகிரி வெப்பமாக இருந்தது என்று கண்டது. வெப்பமான பேருடலுக்கு உணவு மிகுதியாக வேண்டும். கடல் குளிர்ந்து, இரையான திமிங்கலங்கள் குறைந்து, அதே இரைக்கு வெள்ளைச் சுறாவும் போட்டியாக வந்தபோது அது தாக்குப்பிடிக்கவில்லை என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அது மறைந்து ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

வழக்கமாக எழும் இரண்டு கேள்விகள்

ஆழ்கடலில் இன்னும் ஒளிந்திருக்குமா என்பது முதல் கேள்வி. இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். சுறாக்கள் வாழ்நாள் முழுவதும் பற்களை உதிர்த்துக்கொண்டே இருப்பவை. மெகலடான் இருந்தால் அதன் புதிய பற்கள் கடலடியில் கிடைத்தாக வேண்டும். மேலும் வெப்ப உடலும் திமிங்கல உணவும் கொண்ட ஓர் உயிருக்கு இரை அருகிய குளிர்ந்த ஆழம் வாழிடம் ஆகாது.

நம் ஊரில் அதன் பல் கிடைக்குமா என்பது இரண்டாவது. குமரி முனையின் பாறைகள் சார்னோக்கைட் முதலான, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறைகள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அவற்றில் பல்லைத் தேடிப் பயனில்லை. மெகலடான் வாழ்ந்த மயோசீன் காலத்துக் கடற்சுண்ணாம்புப் படிவு நமக்கு அருகில் கொல்லத்தை அடுத்த பாடப்பக்கரையில் இருக்கிறது. அங்கே சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. அரியலூர்ப் படிவுகளிலும் சுறாப் பற்கள் உண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்தில் அப்பகுதியின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். ஆனால் அவை டைனோசர் காலத்தவை; மெகலடான் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

துறைமுகத்தில் சரிபார்த்தல்

மணலில் வரைந்த பிறகு ஒரு நாள் குளச்சலுக்கோ தேங்காய்ப்பட்டணத்துக்கோ செல்லுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அதற்கேற்ப நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலம் நடக்கும்போது இடையில் புகாமல், முடிந்தபின் மீனுக்கு உரியவரிடம் கேட்டு, இறங்கியிருக்கும் சுறாக்களில் இரண்டு மூன்று வகைகளை அளக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வாலின் மேல்மடல் நுனி வரை நேர்கோட்டில் நாடாவைப் பிடியுங்கள்; உடலின் வளைவோடு பிடித்தால் நீளம் கூடிவிடும். பிறகு மேல்தாடையின் முன்பல் ஒன்றின் உயரத்தை அடிக்கோலால் அளந்து, உடல் நீளத்தைப் பல்லின் உயரத்தால் வகுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். செத்த சுறாவின் பல்லும் கையை அறுக்கும் என்பதால் பற்களைத் தொடும் வேலை பெரியவர்களுடையது.

சில சுறாக்களை அளந்தாலே, அந்த வகுப்பெண் வகைக்கு வகை மாறுவதையும், ஒரே வகைக்குள் நெருங்கி நிற்பதையும் காண்பீர்கள். வெள்ளைச் சுறாவின் எண்ணை மெகலடானுக்குப் பொருத்துவதில் என்ன இடர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படத்தாலும் காட்ட முடியாது. எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் புதிய பக்கம் சேர்கிறது. வகையின் பெயரை மீனவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்கிறோம்.

கரையில் வேலை முடிந்ததும் கயிறுகளையும் கம்புகளையும் எண்ணி எடுத்துக்கொண்டு, கீறிய பள்ளங்களை மண்வெட்டியால் நிரவிவிட்டுத் திரும்புங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரைகள் இவை. ஆழமாகக் கீறிய முதுகெலும்புக் கோட்டில் ஓர் ஆமைக்குஞ்சு விழுந்தால் அதனால் ஏறி வர முடியாது. 11.1 மீட்டரையும் முழுதாக மூடுங்கள்.